கல்வாசலுக்கு அப்பால்

பிப்ரவரி 4

அன்புள்ள ரேடியோவுக்கு,

அண்ணி எழுதுவது. பஸ் நிலைய மைக்கில் ஓயாமல் பேசுகிறவளுக்கு வேறு எந்தப் பெயர் பொருந்தும்? நானும் உன் அண்ணனும் சுகமாக இருக்கிறோம். உன் வீட்டுக்காரருக்கு இடுப்பு வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்க டெப்போவில் பஸ்ஸுக்கு அடியில் படுத்து வேலை பார்க்கிற மனுஷன், ஈரத் தரையில் சாக்கையாவது விரித்துக்கொள்ளச் சொல்.

குளிர் காலத்தில் எனக்குச் சளி பிடித்துக் கொஞ்ச நாள் இழுத்துவிட்டது. அதனால்தான் உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டேன். வேறு ஒன்றுமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். படித்துவிட்டுச் சிரிக்கக் கூடாது. என்னை உங்கள் ஊர் மலைக்கு அழைத்துப் போவாயா? ஒரு நாள் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதைச் சொல்லவில்லை. கூடாரம் எடுத்துக்கொண்டு, மேலேயே தங்கி, அந்த மொட்டை உச்சி வரைக்கும் போக வேண்டும்.

உனக்குத் தெரியும், இருபத்தாறு வருஷமாக நான் லிஃப்டில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பதினோரு மாடி. கம்பிக் கதவை இழுத்துச் சாத்துவேன், கைப்பிடியைத் திருப்புவேன், ஆட்களை மேலே இறக்கிவிட்டுக் கீழே வருவேன். போன வாரம் மூன்று நாள் லிஃப்டு பழுது. எட்டாம் மாடி டைப்பிஸ்ட் பெண் படியேறிப் போகும்போது, "அக்கா, நீங்க ஒரு நாளாவது உங்க காலால மேல வந்திருக்கீங்களா?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டாள். எனக்குத்தான் அது போய்த் தைத்துவிட்டது. அன்றைக்கே ஏறிப் பார்த்தேன். இரண்டாம் மாடியில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ எத்தனையோ முறை அந்த மலையில் ஏறி இறங்கியவள். எப்படித் தயாராவது, என்னென்ன வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்று விவரமாக எழுது. மழை முடிந்து அக்டோபரில் வரலாம் என்று நினைக்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அண்ணி


பிப்ரவரி 13

என் அருமை அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை பஸ் நிலையத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து படித்தேன். படித்த சந்தோஷத்தில் ஒன்பது நாற்பது வண்டியை மூன்றாம் நடைமேடைக்குப் பதிலாக ஐந்தாம் நடைமேடை என்று மைக்கில் சொல்லிவிட்டேன். நாற்பது பேர் மூட்டை முடிச்சோடு ஓடினார்கள். நிலைய அதிகாரி ஜன்னலில் வந்து நின்று என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இங்கே இருவரும் நலம். இடுப்பு வலிக்காரருக்குச் சாக்கு விஷயத்தைச் சொன்னேன். "அண்ணி சொன்னா கேக்கத்தான் வேணும்" என்றார். நான் பத்து வருஷமாகச் சொல்வதும் அதைத்தான்.

நீங்கள் சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறீர்கள். திட்டம் இதுதான். முதல் நாள் காலை ஆறு மணி வண்டியில் அடிவாரம். அங்கிருந்து மரங்களுக்குள்ளேயே நடை. மதியம் கல்வாசல். இரண்டு பெரிய பாறைகள் கதவு நிலை மாதிரி நிற்கும், நடுவில் நுழைந்து போக வேண்டும். சாயங்காலம் ஆட்டுப்பட்டி. பழைய கல் சுவர், காற்று அடிக்காது, அங்கே முதல் இரவு. இரண்டாம் நாள் புல்வெளி மேட்டில் ஏறி இரட்டைச் சுனை. அங்கே இரண்டாம் இரவு. மூன்றாம் நாள் மொட்டை உச்சி, மதியத்துக்குள் திரும்பிச் சுனைக்கே வந்து தங்கல். நான்காம் நாள் மறுபக்கமாக இறங்கினால் சாலை, பஸ், வீடு.

நம் வீட்டு மாடிப்படி மாதிரிதான் அண்ணி. பயமே வேண்டாம். நான் இருக்கிறேன்.

அண்ணனிடம் சொல்லிவிட்டீர்களா? முகம் எப்படிப் போனது?

உங்கள்
ரேடியோ


மார்ச் 19

அன்புள்ள ரேடியோவுக்கு,

சுகம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

உன் அண்ணனிடம் சொன்னேன். பள்ளிக்கூட ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய் கழுவிக் கழுவி அவருக்கு எதையும் உடைந்துவிடும் என்றே பார்க்கிற பழக்கம். என்னையும் அப்படித்தான் பார்த்தார். பிறகு, "அவ கூடன்னா சரி. அவளுக்கு அந்த மலையில ஒவ்வொரு கல்லும் தெரியும்" என்றார். உன் பெயரைச் சொன்னதால்தான் அனுமதி கிடைத்தது, தெரிந்துகொள்.

இப்போது நான்கு மாடி. வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு ஏறுகிறேன். மூன்றாம் மாடித் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நூறு எண்ணுவேன். காவலாளி முதலில் திருடியைப் பார்ப்பது போலப் பார்த்தார். இப்போது, "இன்னைக்கு எத்தனை?" என்று கேட்கிறார்.

உன்னிடம் மூன்று கேள்வி. ஒன்று, அந்த இரட்டைச் சுனையில் எல்லாக் காலத்திலும் தண்ணீர் இருக்குமா? இரண்டு, கல்வாசலைத் தாண்டினால் பாதை எவ்வளவு அகலம்? மூன்று, ஏற்றத்தில் நடுநடுவே உட்கார்ந்து மூச்சு வாங்க இடம் உண்டா? மூன்றாவது எனக்கு ரொம்ப முக்கியம்.

அன்புடன்
அண்ணி


ஏப்ரல் 2

அருமை அண்ணிக்கு,

எல்லோரும் நலம். நான்கு மாடியா? பலே.

ஷூ விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கணுக்கால் வரை மூடுவதாக, ஒரு அளவு பெரியதாக வாங்குங்கள். உள்ளே இரண்டு காலுறை போட வேண்டும். வாங்கியதும் வீட்டிலேயே போட்டு நடந்து பழகுங்கள். பைக்குள் கனமானதெல்லாம் முதுகை ஒட்டி இருக்க வேண்டும். மாற்றுத் துணியை நெகிழித் தாளில் சுற்றி வையுங்கள். அவித்த முட்டை, ரொட்டி, வேர்க்கடலை, தேயிலை நான் பார்த்துக்கொள்கிறேன். டார்ச்சுக்கு இரண்டு ஜோடி பேட்டரி.

தண்ணீர், பாதை எல்லாம் இருக்கும். மலை என்றால் இல்லாமலா? இங்கே ஒரே வெயில். மைக் வேறு கரகரவென்று இருக்கிறது. நான் பேசினால் தொண்டை கட்டிய காக்கா மாதிரி இருப்பதாகப் பயணிகள் புகார்.

அவசரமாக முடிக்கிறேன்.

ரேடியோ


மே 11

ரேடியோவுக்கு,

சௌக்கியமா? நாங்கள் சௌக்கியம். கூடாரம் வாங்கிவிட்டோம். ஒருமுறை யாரோ பயன்படுத்தியது, கிழிசல் இல்லை. கூடத்து மேஜையை நகர்த்திவிட்டு அங்கேயே கட்டிப் பார்த்தோம். உன் அண்ணன் உள்ளே போய்ப் படுத்து, "நல்லாத்தான் இருக்கு" என்று சொன்ன மறு நிமிஷம் கம்பி நழுவி மொத்தமும் அவர் மேல் விழுந்தது. நான் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, அவர் துணிக்குள்ளிருந்தே, "தண்ணி குடி, தண்ணி குடி" என்று கத்திக்கொண்டிருந்தார். இப்போது எட்டு நிமிஷத்தில் கட்டுகிறேன். கண்ணை மூடிக்கொண்டும் கட்டுவேன்.

ஏழு மாடி ஆகிவிட்டது. ஏழாம் மாடி ஜன்னலில் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிகின்றன. லிஃப்டுக்குள் இருந்தால் இதெல்லாம் தெரியாது.

நீ மட்டும் என் மூன்று கேள்விக்கும் பதில் எழுதவில்லை. ஷூவைப் பற்றி ஒரு பக்கம் எழுதத் தெரிகிறது, தண்ணீரைப் பற்றி ஒரு வரி எழுத முடியவில்லையா? அடுத்த கடிதத்தில் வேறு கதை எதுவும் வேண்டாம். மூன்று பதில் மட்டும்.

அண்ணி


மே 20

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். உன் அண்ணிக்குத் தெரியாமல் ஆய்வகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எப்போதும் வீட்டு விலாசத்துக்கு வருகிற கடிதம் பஸ் நிலைய விலாசத்துக்கு வந்திருக்கிறதே என்று பயப்படாதே, யாருக்கும் ஆபத்தில்லை.

அவளுக்கு வந்தது சளி இல்லை. பழைய தொற்று ஒன்று உள்ளேயே இருந்து வலது நுரையீரலைக் கெடுத்துவிட்டது. போன அக்டோபரில் அறுவை செய்து கீழ்ப்பகுதியை எடுத்துவிட்டார்கள். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். உனக்குச் சொல்லக் கூடாது என்று என் கையில் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சொன்னால் நீ ஓடி வருவாய், வந்தால் அவளை நோயாளியாகவே பார்ப்பாய், அது வேண்டாம் என்றாள். உன்னிடம் மட்டுமாவது பழைய ஆளாக இருக்க வேண்டுமாம்.

டாக்டரிடம் மலையைப் பற்றிக் கேட்டேன். படிப்படியாகப் பழகினால் போகலாம், அவசரப்படாமல், இடம் தெரிந்த ஆளோடு போக வேண்டும் என்றார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்கு நிம்மதி. உன்னை நம்பித்தான் அனுப்புகிறேன். உனக்கு அந்த மலை வீட்டுக் கொல்லை மாதிரி.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஜூலை 30

அண்ணிக்கு,

இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உங்கள் இரண்டு அஞ்சலட்டைகளும் வந்தன. உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன். அண்ணன் எனக்கு எழுதிவிட்டார். அவரைத் திட்டாதீர்கள். அவர் எழுதாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் அந்த மலையில் ஏறியதே இல்லை.

ஒரு முறைகூட இல்லை. அடிவாரத்து ஓடையோடு சரி. பதினெட்டு வருஷமாகக் கூண்டுக்குள் உட்கார்ந்து, முதுகில் மூட்டையோடு வருகிறவர்கள் ஜன்னலில் தலையை நீட்டி வழி கேட்டால், சுவரில் மாட்டியிருக்கும் வரைபடத்தைப் பார்த்துச் சொல்வேன். திரும்பி வருகிறவர்கள் கதை சொல்வார்கள், கேட்டு வைத்துக்கொள்வேன். உங்கள் வீட்டுக்கு முதல் முறை வந்தபோது அண்ணனின் நண்பர்கள் முன்னால், "எத்தனையோ தடவை ஏறியிருக்கேன்" என்று வாய் தவறி வந்துவிட்டது. எல்லோரும் என்னை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தார்கள். அந்தப் பார்வையை விட மனசு வரவில்லை. என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். "என்னைக்காவது மாட்டிப்ப" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அண்ணன் கடிதம் வந்த அன்று மைக்கில் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. அந்த வாரமே விடுமுறை நாளில் தனியாகக் கிளம்பினேன். கல்வாசல் வரை போனேன். அதற்கு அப்புறம் பாதை என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். வலது பக்கம் பாறை, இடது பக்கம் ஒன்றுமே இல்லை. எங்கோ கீழே மரங்களின் தலைதான் தெரிகிறது. அங்கேயே உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து வந்தேன். பாவாடை கிழிந்துவிட்டது. வழியெல்லாம் அழுதேன்.

அடுத்த வாரமும் போனேன். கல்வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் வாரம் பத்து அடி. நான்காம் வாரம், பாறையில் வலது கையை வைத்துக்கொண்டு, பஸ் நேரங்களை மைக்கில் சொல்வது போல உரக்கச் சொல்லிக்கொண்டே தாண்டிவிட்டேன். ஆறு ஐந்து, ஆறு இருபது, ஆறு நாற்பது. ஏழு பத்து வருவதற்குள் மறுபக்கம். பிறகு என் வீட்டுக்காரரும் நானும் ஆட்டுப்பட்டியில் ஒரு இரவு தங்கினோம். அவர் குறட்டைக்கு எந்த மிருகமும் பக்கத்தில் வரவில்லை.

உங்கள் மூன்று கேள்விக்கு என்னால் சொல்ல முடிகிற பதில்: பாதை கல்வாசலுக்கு அப்பால் இரண்டு சாண் அகலம், அறுபது அடி நீளம். உட்கார்ந்து மூச்சு வாங்க ஆட்டுப்பட்டி வரை ஒன்பது இடங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். சுனையில் தண்ணீர் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. நான் இன்னும் அங்கே போகவில்லை.

நீங்கள் மறைத்தது என்னிடம் பழைய அண்ணியாகவே இருக்க. நான் மறைத்தது என் பெருமையைக் காப்பாற்ற. இரண்டும் ஒன்றில்லை. தெரியும்.

ரேடியோ


ஆகஸ்ட் 6

ரேடியோவுக்கு,

கடிதம் கிடைத்தது.

பதினெட்டு வருஷம். உன் அண்ணன் உன் பேச்சை நம்பி என்னை அனுப்ப இருந்தார். நானும் உன்னை நம்பித்தான் ஒவ்வொரு படியும் ஏறினேன். ஒன்பதாம் மாடியில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். இறங்கி வர வெகுநேரம் ஆனது.

இப்போதைக்கு எழுத எதுவும் இல்லை.

அண்ணி


செப்டம்பர் 10

அண்ணிக்கு,

நீங்கள் பதில் போட வேண்டாம். நலமாக இருந்தால் போதும்.

நீங்கள் வருவதற்காக இதை எழுதவில்லை. யார் போனாலும் உண்மை தெரிந்து போகட்டும் என்று எழுதுகிறேன். ஒவ்வொரு வாரமும் போய்க்கொண்டிருக்கிறேன். போன வாரம் அவரோடு இரட்டைச் சுனைக்குப் போனேன். சுனை என்று பெயர்தான் இரட்டை. ஒன்று வறண்டு சேறாகக் கிடக்கிறது. இன்னொன்றில் முழங்கால் அளவு தண்ணீர், கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். ஆட்டுப்பட்டியிலிருந்து அங்கே போக எனக்கு ஐந்து மணி நேரம். நிதானமாக நடக்கிறவர்களுக்கு ஏழு. புல்வெளி மேட்டில் நிழல் கிடையாது, காற்று வடக்கிலிருந்து அடிக்கிறது, கூடாரத்தின் வாசலைத் தெற்கே வைக்க வேண்டும். வாசலை வடக்கே வைத்து ராத்திரி முழுக்கக் கொடியில் காயும் துணி மாதிரி ஆடினோம்.

"நம் வீட்டு மாடிப்படி மாதிரி" என்று எழுதியிருந்தேன். இல்லை. கஷ்டம்தான். ஆனால் முடிகிற கஷ்டம்.

மறுபக்க இறக்கத்தை, சாலையிலிருந்து சுனை வரை, தனியாக ஒரு நாள் ஏறிப் பார்த்துவிட்டேன். சறுக்கல் இல்லை. அவசரமாக இறங்க வேண்டி வந்தால் சுனையிலிருந்து நாலு மணி நேரத்தில் பஸ் பிடிக்கலாம்.

சுனைக்கு மேலே மொட்டை உச்சிக்கு நான் போகவில்லை. அதைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

உங்கள் நாத்தனார்


செப்டம்பர் 24

அன்புள்ள ரேடியோவுக்கு,

சுகமாக இருக்கிறேன். உன் அண்ணன் உன் ஜூலைக் கடிதம் வந்ததிலிருந்து என்னிடம் திட்டு வாங்கி இளைத்திருக்கிறார்.

ஆகஸ்டில் எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சம் இல்லை. ஒன்பதாம் மாடியோடு ஏறுவதையே நிறுத்திவிட்டேன். மூன்று வாரம் முக்காலியில் உட்கார்ந்து கைப்பிடியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் காவலாளி, "என்னம்மா, இப்பல்லாம் ஏறுறதில்ல?" என்றார். "கூட வர்றவ பொய் சொல்லிட்டா" என்றேன். அவர் யோசித்துவிட்டு, "அதுக்கு நீங்க ஏன் ஏறாம இருக்கீங்க?" என்றார்.

அன்றைக்குப் பத்து. மறுநாள் பதினொன்று. பதினொன்றாம் மாடியில் மொட்டைமாடிக் கதவு இருக்கிறது. காவலாளி பூட்டைத் திறந்துவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் அந்தக் கட்டடத்தின் தலையை முதல் முறையாகப் பார்த்தேன். உன் மேலிருந்த கோபம் அங்கே நிற்கும்போது எங்கே போனது என்று தெரியவில்லை.

உன் செப்டம்பர் கடிதத்தை டாக்டரிடம் காட்டினேன். முழுக்கப் படித்துவிட்டு, "இந்தம்மா கூட போகலாம்" என்றார். உன் பழைய கடிதத்தைக் காட்டியிருந்தால் சம்மதித்திருக்க மாட்டார்.

அக்டோபர் 13, இரவு வண்டியில் வருகிறேன். நீ கூண்டிலிருந்து நேராக வந்தால் போதும். உச்சியைப் பற்றி நம் இருவருக்கும் தெரியாது என்பது எனக்கு நல்லதாகவே படுகிறது.

அண்ணி


நவம்பர் 3

என் அருமை அண்ணிக்கு,

வீடு போய்ச் சேர்ந்த அட்டை வந்தது. கால் வீக்கம் வடிந்ததா? எனக்கு இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்துவிட்டன. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காலை நீட்டிக் காட்டுகிறேன்.

பிரியும்போது நீங்கள் சொன்னீர்கள்: "பனியில நீ போன அந்த நாப்பது நிமிஷத்த அப்படியே எழுதி அனுப்பு. ஒண்ணும் கூட்டாத." சரி, கூட்டாமல் எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் காலை சுனையை விட்டு ஒரு மணி நேரம் ஏறியிருப்போம். வெளுப்பாக எழுந்து வந்த பனி நம் முழங்கால் வரை வந்து, பிறகு மூடியே விட்டது. "திரும்பிடலாம் அண்ணி" என்றேன். நீங்கள் அந்தத் தட்டைப் பாறையில் உட்கார்ந்து, "உனக்கு பயமா இருக்கா, எனக்கு முடியாதுன்னு நெனைக்கறியா?" என்று கேட்டீர்கள். பொய் சொல்லக் கூடாது என்று முடிவெடுத்திருந்ததால், "ரெண்டும்" என்றேன். "அப்ப நீ போய் வழி இருக்கான்னு பாரு. நாப்பது நிமிஷம். நான் இங்கயே விசில் ஊதறேன். சத்தம் குறைஞ்சா திரும்பிடு" என்றீர்கள். பையின் தோள்வாரில் தொங்கிய விசிலை வாயில் வைத்துக்கொண்டீர்கள். எனக்குக் கிளம்ப மனசு வரவில்லை. ஊதுகிற ஆள் யார் என்று எனக்குத் தெரியுமே.

இருபது அடியில் நீங்கள் மறைந்துவிட்டீர்கள். புல்லில் பாதையே இல்லை. ஒரு முறை ஓரம் வரை போய்விட்டேன், கால் வைத்த இடத்தில் கல் உருண்டது, அது விழுந்த சத்தம் வர நேரமானது. கல்வாசலில் உட்கார்ந்தது போலவே மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் விசில் கேட்டது. மெல்லிசாக, விட்டுவிட்டு, ஆனால் நிற்காமல். சத்தத்துக்கு முதுகைக் காட்டி எழுந்து நடந்தேன். சற்றுத் தள்ளி முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் குவியல். யாரோ அடையாளத்துக்கு அடுக்கி வைத்தது. அதிலிருந்து பார்த்தால் இன்னொன்று. அதிலிருந்து மூன்றாவது. மேலே போகிற வழி.

திரும்பினால் எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை. எந்தப் பக்கம் வந்தேன் என்றே தெரியவில்லை. உங்கள் விசில் மட்டும் இல்லையென்றால் நான் இன்னும் அங்கேதான் சுற்றிக்கொண்டிருப்பேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கி வந்தேன் அண்ணி. ஒவ்வொரு முறையும் சத்தம் வரும்வரை நிற்பேன், வந்ததும் நாலு அடி.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கல் குவியல்களை எண்ணிக்கொண்டு போனோம், பதினேழு. பதினேழாவதில் தலைக்கு மேல் நீலம் தெரிந்தது. அடுத்த பத்து நிமிஷத்தில் பனி நம் காலுக்குக் கீழே போய்விட்டது. அந்த மொட்டைப் பாறையில் நீங்கள் முதலில் ஏற வேண்டும் என்று நான் ஒதுங்கி நின்றேன். நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்தீர்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் ஏறினோம். இது கூட்டிச் சொன்னது இல்லை.

நேற்று ஒரு பெண் ஜன்னலில் வந்து மலைக்கு வழி கேட்டாள். "கல்வாசல் தாண்டி இடது பக்கம் பாக்காதீங்க. வலது கையால பாறையத் தொட்டுக்கிட்டே போங்க" என்றேன். "நீங்க போயிருக்கீங்களா?" என்றாள். அண்ணி, அந்தக் கேள்விக்கு நான் இத்தனை வருஷம் எத்தனை பதில் சொல்லியிருக்கிறேன். நேற்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். "ம்."

உங்கள்
ரேடியோ


நவம்பர் 15

அன்புள்ள ரேடியோவுக்கு,

கால் வீக்கம் போய்விட்டது. உன் நகம் கழன்று விழுந்தால் கவலைப்படாதே, புதிதாக முளைக்கும். உன் கடிதத்தை உன் அண்ணன் மூன்று முறை வாசித்தார். கல் உருண்ட இடம் வந்ததும் ஒவ்வொரு முறையும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

என்னுடைய நாற்பது நிமிஷத்தையும் நீ தெரிந்துகொள்ள வேண்டாமா? முதலில் ஊதியபோது வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாவது இழுக்கும்போது தையல் போட்ட இடம் சுருக்கென்றது. பயந்துவிட்டேன். அறுபது எண்ணுவது, ஒரு முறை ஊதுவது என்று வைத்துக்கொண்டேன். பத்தாவதில் நெஞ்சு இடம் கொடுத்தது. இருபதாவதில் எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். போன வருஷம் அக்டோபரில் இதே தேதிகளில் ஒரு தாதி என் முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்து, "ஊதுங்க, ஆடுதா பாப்போம்" என்பாள். அது ஆடாது. இந்த அக்டோபரில் ஒரு மலையில் ஒருத்தியை வழி தவறாமல் வைத்திருக்கிறேன். நாற்பத்தொரு முறை ஊதினேன். கடைசி ஐந்தை நீ கேட்டிருப்பாய், காதைக் கிழித்திருக்கும்.

ஊருக்குத் திரும்பியதும் டாக்டர் மூச்சை அளக்கிற கருவியின் குழாயில் ஊதச் சொன்னார். முள் போன இடத்தைப் பார்த்துவிட்டு மறுபடி ஊதச் சொன்னார். பிறகு முள் கோடு போட்ட தாளை எடுத்துக்கொண்டு பக்கத்து அறை டாக்டரிடம் காட்டப் போனார். அறைக்கு வெளியே உன் அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று கண்ணைத் துடைத்தார். தூசியாம்.

உனக்குத் தெரியாத இன்னொன்று. மறுபக்கம் இறங்கிச் சாலைக்கு வந்து பஸ் ஏறினோமே, ஏறினதும் நீ ஜன்னலில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிவிட்டாய். கண்டக்டர் வந்து, நம் பையையும் ஷூவில் இருந்த சேற்றையும் பார்த்து, "எங்கேர்ந்து வரீங்கம்மா?" என்றார். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் குனிந்து வெளியே பார்த்தார். பனி விலகி உச்சி பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தது. "அந்த மொட்டையா? நீங்க ரெண்டு பேரா?" என்று கேட்டுவிட்டு, முன்னால் போய் டிரைவரிடம் ஏதோ சொன்னார். வளைவில் வண்டி மெதுவானது. டிரைவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். முன் இருக்கைக்காரர் பார்த்தார். கோழிக்கூடை வைத்திருந்த அம்மா பார்த்தார். பஸ் முழுக்க அந்தப் பக்கம் திரும்பி, கழுத்தை நீட்டி மேலே பார்த்தது.

நான் மட்டும் திரும்பவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்
அண்ணி